ஒத்திகையில் பாத்திரத்தை உருவாக்குவது: மாணவ நடிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் தமிழ் நாடகங்களை மேடையேற்றி வருகிறார்கள். அத்தகைய ஒத்திகைகளில் உதவி வரும் எனக்கு, முதன்முறையாக மேடையேறுகிறவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே ஐயங்களே வருகின்றன. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதும், ஒத்திகை முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதும், நள்ளிரவில் வாட்ஸ்அப் செய்தியாகவும் அவை வருகின்றன. மாணவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்குத் தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே பாத்திரத்தைப் பக்கம் முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். அது இதற்காகவே கற்பனையாக அமைத்த பாத்திரம். பெயர் முத்தையா, வயது 62. ஆண்டு 1984, இடம் அங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அவர் 15 வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். மகள் கமலா தாதியாகப் பணிபுரிகிறாள். தான் விரும்பியவரை மணக்க முடிவு செய்துவிட்டதை, இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு காலையில் அவள் தந்தையிடம் சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் மூலம் அவர் அதை ஏற்கெனவே அறிந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் உள்ளே வந்ததும் தமிழ் முரசைப் படித்துக்கொண்டிருக்கும் முத்தையா சொல்லும் முதல் வசனம்: "பசியாறிட்டியா?"

1. பாத்திரத்தை உருவாக்குறதுன்னா உண்மையில என்ன? வசனத்தை நல்லாப் பேசினாப் போதாதா?

போதாது. ஒருவர் வாய் திறப்பதற்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவையைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஒத்திகையிலும் அதைச் சோதித்து, கடைசியில் ஒன்றை உறுதிசெய்வதைத்தான் பாத்திரத்தை உருவாக்குவது என்கிறோம். முத்தையாவின் முதல் வசனத்தையே பாருங்கள். மகள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடாதபடி தடுக்க அவர் அதைக் கேட்கலாம். மாறாக, அவள் தயக்கமின்றிப் பேசட்டும் என்று வழி செய்துகொடுக்கக் கேட்கலாம். தனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் கேட்கலாம். மூன்றிலும் சொல் ஒன்றுதான். ஆனால் நாளிதழை மடிப்பதா, மேலும் உயர்த்திப் பிடிப்பதா, அவளைப் பார்ப்பதா, பார்க்காமலிருப்பதா என்பதெல்லாம் மாறிவிடும்.

1898இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களிடம் வலியுறுத்தியவற்றை மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொள்ளலாம். என் சூழ்நிலை என்ன? எனக்கு என்ன வேண்டும்? அதை அடைய நான் என்ன செய்கிறேன்? இரண்டாவதை நான் எப்போதும் சற்று நீட்டிக் கேட்கச் சொல்வேன்: எதிரே நிற்பவரிடமிருந்து, இந்த நொடியில், எனக்கு என்ன வேண்டும்? 'முத்தையாவுக்கு மரியாதை வேண்டும்' என்ற விடையை வைத்துக்கொண்டு யாராலும் நடிக்க இயலாது. 'கமலா இப்போது பேசாமல் அறைக்குள் போய்விட வேண்டும்' என்ற விடை கிடைத்தால் உடனே எழுந்து நடிக்கத் தொடங்கலாம். இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் பெரும்பாலான பதில்களுக்கு இதுவே அடிப்படை.

2. முதல் வாசிப்புக்கு வர்றதுக்கு முன்னாடி நான் என்ன தயார் பண்ணணும்?

நாடகம் முழுவதையும் படியுங்கள். உங்கள் வசனங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி, அவற்றை மட்டும் படித்துவிட்டு வருவது மாணவர்களிடையே பரவலாக உள்ள பழக்கம். அது உங்களை மற்றவர்களின் கதைக்கு வெளியே நிறுத்திவிடும். இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு தாளில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது, மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வது, அது உண்மையில் செய்வது. "நான் யாரையும் எதிர்பார்க்கிறவன் இல்லை" என்று முத்தையா சொல்கிறார். மகள் வரும் நேரத்துக்குக் கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்லும் செயலும் முரண்படும் அந்த இடத்தில்தான் நீங்கள் தோண்ட வேண்டும்.

குரல் எப்படி, நடை எப்படி என்று அப்போதே முடிவு செய்யாதீர்கள். முடிவோடு வருகிறவருக்கு மற்றவர்கள் வாசிப்பது காதில் விழுவதில்லை.

3. வசனத்தை எப்ப மனப்பாடம் பண்றது? நடுவுல தேர்வு வேற வருது.

மேடையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பவை ஓரளவு முடிவான பிறகு மனப்பாடம் செய்தால், சொல் உடலோடு சேர்ந்து மனத்தில் தங்கும். ஆனால் ஒத்திகைக் காலத்தின் பாதியைத் தாண்டியும் கையில் தாளோடு நிற்பவரால் எதிரே இருப்பவரைப் பார்க்க முடியாது. பார்க்காதவரை பாத்திரம் வளராது. அந்த எல்லையைத் தவறவிடாதீர்கள்.

ராகமில்லாமல் மனப்பாடம் செய்யுங்கள் என்பது என் உறுதியான அறிவுரை. வீட்டில் தனியாக ஏற்ற இறக்கத்தோடு உருப்போட்டால் அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்து பதிந்துவிடும். பிறகு கமலாவாக நடிப்பவர் எப்படிப் பேசினாலும் உங்கள் வாயிலிருந்து அதே ராகம்தான் வரும். தேர்வுக் காலத்தில், மற்றவர்களின் வசனங்களை மட்டும் கைப்பேசியில் பதிவு செய்து, உங்கள் வசனத்துக்கு இடைவெளி விட்டு, பேருந்தில் போகும்போது கேளுங்கள். உங்கள் வசனம் தொடங்குவதற்கான தூண்டுதல் முந்தைய வசனத்தில்தான் இருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.

4. பாத்திரத்தோட முழு வாழ்க்கை வரலாற்றையும் எழுதிட்டு வரச் சொல்றாங்க. பத்துப் பக்கம் எழுதினேன். மேடையில எதுவுமே உதவல. ஏன்?

பிடித்த நிறம், சிறுவயதுத் தோழன், விருப்பமான உணவு என்று எழுதியிருப்பீர்கள். அவற்றில் காட்சியைத் தொடும் செய்தி எதுவும் இருந்திருக்காது. பாத்திரத்தின் கடந்த காலத்திலிருந்து இன்றைய காட்சிக்குள் எது நுழைகிறதோ அதை மட்டும் ஆழமாகத் தேடினால் போதும்.

முத்தையாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக அறிவிக்கப்பட்ட 1968இல் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. வெளியேற்றம் 1971இல் பெரும்பாலும் முடிவுற்றது. அந்த ஆண்டில் முத்தையாவுக்கு 49 வயது. அவர் புதிய பட்டறையில் வேலையைத் தொடர்ந்தாரா, வேலையிழந்து வேறு இடம் தேடினாரா? நாடகப் பிரதி இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் இயக்குநருடன் பேசி முடிவு செய்யலாம். வேலையிழந்தார் என்று வைத்தால், மற்றவர்கள் எடுத்த முடிவு ஒருநாள் தன் வீட்டுக் கதவைத் தட்டியதை அவர் முன்பே அனுபவித்தவர் ஆகிறார். மகளின் முடிவும் இப்போது அப்படித்தான் வந்து நிற்கிறது. 55 வயதில், அதாவது 1977இல், எடுத்த மசேநி (மத்திய சேம நிதி) பணத்தை எதற்குச் செலவிட்டார் என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது. கமலாவின் கல்யாணத்துக்கென்று அதைத் தொடாமல் வைத்திருந்தார் என்று முடிவு செய்தால், "பணத்துக்கு என்ன" என்ற சாதாரண வசனம்கூடக் கனத்துவிடும்.

காலத்தைப் பற்றிய விவரங்களில் கவனமாக இருங்கள். உடனுக்குடன் வசனம் புனைந்து நடிக்கும் பயிற்சிகளில் கமலா "எம்ஆர்டியில் வந்தேன்" என்று சொல்லிவிடுவாள். முதல் எம்ஆர்டி தடம் 1987 நவம்பர் 7ஆம் தேதிதான் இயங்கத் தொடங்கியது. அவள் பேருந்தில் வந்திருக்கிறாள், இரவெல்லாம் நின்று வேலை பார்த்த கால்களோடு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979இலிருந்து மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் உள்ளன. தேசிய நூலகத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். பத்துப் பக்கம் எழுதும் நேரத்தில் ஒரு முதியவரின் குரலை ஒரு மணி நேரம் கேட்பது மேல் என்பது என் கருத்து.

5. எனக்கு 19 வயசு. 62 வயசுக்காரரா எப்படி நடிக்கிறது? கூனிக்கிட்டு நடந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க.

கூன் வேண்டாம், நடுங்கும் கை வேண்டாம், கரகரத்த குரலும் வேண்டாம். 62 வயதில் பலர் நிமிர்ந்தே நடக்கிறார்கள். 'முதுமை' என்று பொதுவாக ஒன்றை நடிக்க முயல்வதால்தான் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. இந்த மனிதரின் உடலில் அவருடைய வேலை எதை விட்டுச் சென்றது என்று கேளுங்கள். இரும்புத் தகடுகளைச் சம்மட்டியால் அடிக்கும் ஓசைக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு ஒரு காது மந்தமாக இருக்கலாம். அப்படியானால் கமலா பேசும்போது அவர் தலையைச் சற்றே திருப்புவார். கேட்க விரும்பாத இடத்தில் திருப்பாமல் இருப்பார். ஒரே உடல் விவரம் காட்சியின் கருவியாகிவிட்டது.

ஒத்திகைக்கு வெளியே உற்றுப் பாருங்கள். தேக்கா உணவங்காடியிலோ உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலோ உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நாற்காலியில் அமரும் முன் கையால் அதைத் தொட்டு உறுதி செய்துகொள்வதையும், எழும்போது ஒரு மூச்சு முன்கூட்டியே எடுத்துக்கொள்வதையும் கவனியுங்கள். அவர்களிடமிருந்து வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; நடையை அப்படியே நகல் எடுக்காதீர்கள். நரையை ஒப்பனை பார்த்துக்கொள்ளும்.

ஒத்திகைக்குத் தொடக்கத்திலிருந்தே வேட்டியோ கைலியோ கட்டி வாருங்கள். ஜீன்ஸ் அணிந்து பழகிய கால்கள் உடை ஒத்திகையன்று திடீரென வேட்டிக்குள் திண்டாடுவதைப் பல நாடகங்களில் பார்த்திருக்கிறேன்.

6. வீட்டுல நாங்க ஆங்கிலம்தான் பேசுவோம். என் தமிழ் மேடையில பாடப்புத்தகம் மாதிரி கேக்குது.

இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் வகுப்புத் தோழர்களில் பலரின் நிலையும் இதுதான். பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்று 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு பரிந்துரைத்த பிறகு பள்ளிகளில் அது கூடுதல் இடம் பெற்றிருக்கிறது. ஆனாலும் அச்சிட்ட தாளைக் கையில் எடுத்ததும் வாய் தானாகவே எழுத்துத்தமிழின் ஓட்டத்துக்குப் போய்விடுகிறது. வசனத்தைப் பார்க்காமல், அதன் பொருளை உங்கள் சொந்தப் பேச்சில் எதிரே இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அதன்பின் எழுதப்பட்ட சொற்களுக்குத் திரும்புங்கள். உங்களுடைய மூச்சு அதற்குள் வந்திருக்கும்.

உச்சரிப்பில் ழகர ளகரங்களைப் பற்றி எல்லாரும் சொல்லித் தந்திருப்பார்கள். பலரும் சொல்லாத ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் முற்பகுதியில் அழுத்தம் கொடுத்துவிட்டு முடிவைத் தணிந்த குரலில் விடும் பழக்கம் உள்ளவர் வினையை விழுங்கிவிடுகிறார். "அவனை நான் வீட்டுக்குள்ள விட..." என்பது வரை அரங்கில் கேட்கும், விடுவேன் என்றாரா விடமாட்டேன் என்றாரா என்பது கேட்காது. கடைசிச் சொல் வரை மூச்சைக் கொண்டு செல்லுங்கள்.

முத்தையா தஞ்சை வட்டாரத்திலிருந்து வந்து அரை நூற்றாண்டாக இங்கே வாழ்பவர். சந்தைக்குப் 'பசார்' என்பார், பழைய குடியிருப்பைக் 'கம்பம்' என்பார். சென்னைத் திரைப்படப் பேச்சு அவர் வாயில் பொருந்தாது. பிரதியில் அப்படி இருந்தால் எழுதியவரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

7. நான் பரதநாட்டியம் ஆடுறவ. முகத்துல எல்லாமே அதிகமா வருதுன்னு இயக்குநர் சொல்றார். கத்துக்கிட்டதை மறக்கணுமா?

மறக்க வேண்டாம். நாட்டிய சாஸ்திரம் நடிப்பை உடல், வாக்கு, ஒப்பனை, உள்ளம் என்னும் நான்கின் வழியே, அதாவது ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்று பகுத்துச் சொல்கிறது. நடனத்தில் நீங்கள் பயின்றதும் இந்த நான்கையும்தான். வேறுபாடு எங்கே என்றால், நடனத்தில் நாயகியின் உணர்வைப் பார்வையாளரிடம் கொண்டு சேர்க்கிறீர்கள். இந்த வகை நாடகத்தில் கமலா தன் உணர்வைத் தந்தையிடமிருந்து மறைக்கப் பார்க்கிறாள். உணர்வு முகத்துக்கு வரும் வழியில் ஒரு தடை இருக்க வேண்டும். அந்தத் தடையைத்தான் பார்வையாளர்கள் காண்கிறார்கள்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். காட்சியை முதலில் முழு அபிநயத்தோடு செய்யுங்கள். அடுத்து கைகளை நிறுத்துங்கள். அடுத்து முகத்தைத் தளர்த்திக் கண்களில் மட்டும் வையுங்கள். கடைசியாக, ஒன்றுமே காட்டக் கூடாது என்று உறுதி பூண்டு செய்யுங்கள். முதலில் செய்தது உடலில் இருக்கும். வெளியே கசிவது சரியான அளவில் இருக்கும். சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நாடகப் பயிற்சித் திட்டம், இன்றைய இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட், மாணவர்களுக்குக் கூடியாட்டம், ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஆப்பரா, வாயாங் வோங் ஆகிய மரபுகளைத் தற்கால நாடகத்தோடு சேர்த்தே கற்பித்து வந்திருக்கிறது. மரபுப் பயிற்சி தற்கால நடிப்புக்குத் தடை என்ற எண்ணத்துக்கு நம் ஊரிலேயே மறுப்பு இருக்கிறது.

8. கோபம்னாக் கத்துறேன், சோகம்னா அழறேன். அதுக்கு மேல ஒண்ணும் தோணல.

உணர்ச்சியை நேராக எட்டிப் பிடிக்க முயல்கிறீர்கள். அதன் காரணத்தைப் பிடியுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதற்கு இன்றும் நல்ல துணை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்லும் அந்நூல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. இகழப்படுவதால் வருவது இளிவு. உயிரையோ பொருளையோ இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வதால் வருவது அசைவு.

முத்தையாவின் துயரம் இவற்றில் எது? மகளை இழக்கிறேன் என்று நினைத்தால் இழவு. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரார் என்ன சொல்வார்கள் என்று நினைத்தால் இளிவு. திறந்திருக்கும் கதவை, தாழ்வாரத்தில் நடப்பவர்களைப் பார்ப்பார். ஒரு காலத்தில் வீட்டில் தன் சொல்லே முடிவாக இருந்தது, இன்று இல்லை என்று நினைத்தால் அசைவு. அவர் தன் கைகளையோ நாற்காலியையோ பார்க்கக்கூடும். மூன்றுக்கும் 'சோகம்' என்று ஒரே பெயர் வைத்தால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு மனிதர்கள் கிடைக்கிறார்கள். காட்சியை மூன்று விதமாகவும் செய்து பார்க்க ஒரு முழு ஒத்திகையை ஒதுக்கித் தரும்படி இயக்குநரிடம் கேளுங்கள்; அது வீண்போகாது.

9. உண்மையான கண்ணீர் வரணும்னு எங்க தாத்தா இறந்ததை நினைச்சுக்கிறேன். இது சரியா?

வேண்டாம் என்பதே என் பதில். சொந்த நினைவைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்கும் முறையை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஆராய்ந்தது உண்மை. ஆனால் 1930களில், தம் கடைசி ஆண்டுகளில், அவர் செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்கே முதன்மை தந்தார். உங்கள் தாத்தாவை நினைக்கும்போது நீங்கள் கமலாவைப் பார்ப்பதில்லை. காட்சியிலிருந்து விலகி வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். அந்த நினைவு பத்தாவது ஒத்திகையில் வேலை செய்யாமலும் போகலாம். ஆறாத துக்கத்தை வாரத்தில் மூன்று மாலை கிளறுவது உங்களுக்கு நல்லதும் அன்று.

மாறாக, செயலைச் சரியாகச் செய்யுங்கள். அவளுக்காக மூடி வைத்திருந்த தேநீர் ஆறிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அந்த வேலையை முழுக் கவனத்தோடு செய்யும்போது கண்ணீர் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அரங்கில் இருப்பவர்களுக்கு வரும். ஏதாவது ஒரு காட்சி உங்களைத் தனிப்பட்ட முறையில் வருத்தினால் இயக்குநரிடமோ மேடை நிர்வாகியிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

10. எனக்கு வசனம் இல்லாதப்போ மேடையில என்ன பண்றது?

கேளுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் எதிரே இருப்பவரிடமிருந்து ஒன்று வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அது கிடைக்கிறதா இல்லையா என்பதை அவருடைய முகத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். முத்தையாவுக்குக் கமலா பேசக் கூடாது, அவள் வாய் திறக்க மூச்செடுக்கிறாள், அதைப் பார்த்துவிட்டார். இப்போது அவர் நாளிதழின் பக்கத்தைத் திருப்புவார். அது இயக்குநர் சொல்லித் தந்த அசைவாக இருந்தாலும், அவளுடைய மூச்சைக் கண்டு செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும்.

குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய பன்மொழி நாடகம் ஒன்றில், ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் தங்கள் பூனையைப் பற்றிச் சைகைகளாலும் ஒலிகளாலும் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். சிங்கப்பூர் நாடகத்தில் பலர் இன்றும் நினைவுகூரும் காட்சி அது. உங்கள் காட்சியை ஒருமுறை வசனமே இல்லாமல், எண்களை மட்டும் சொல்லி நடித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் புரிந்துகொள்ளாவிட்டால் இத்தனை நாளும் வசனத்தை மட்டும் நம்பியிருந்தீர்கள் என்பது தெரியவரும்.

11. எனக்கு மூணே வசனம்தான். இவ்வளவும் எனக்குத் தேவையா?

தேவை. மூன்று வசனம் பேசும் அண்டை வீட்டுக்காரருக்கும் அன்று காலையில் ஏதோ ஒரு வேலை இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறார். எதற்காக வந்தார், எதைப் பெறாமல் திரும்புகிறார் என்ற இரண்டையும் முடிவு செய்தால் போதும். பெரிய பாத்திரத்திடமிருந்து காட்சியைப் பறிக்கும் அளவுக்கு எதையும் சேர்க்காதீர்கள்.

12. நான் நினைக்கிற பாத்திரம் ஒண்ணு, இயக்குநர் சொல்றது வேற. யார் சொல்றது சரி?

நாடகம் முழுவதையும் வெளியிலிருந்து பார்ப்பவர் இயக்குநர். எனவே அவர் கேட்பதை முதலில் முழு மனத்தோடு செய்து காட்டுங்கள். அரைமனத்தோடு செய்து, "பார்த்தீர்களா, சரிவரவில்லை" என்று நிறுவுவது நேர்மையாகாது. செய்து பார்த்த பிறகும் பொருந்தவில்லை என்று தோன்றினால், "இந்த இடத்தில் நான் எழுந்தால் அவளைப் பேசவிடாமல் தடுக்க முடியவில்லை" என்று செயலை முன்வைத்துப் பேசுங்கள். "என் பாத்திரம் அப்படிச் செய்யாது" என்ற சொற்றொடரைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு உரையாடல் நகர்வதில்லை.

பெரும்பாலான இயக்குநர்கள் விளைவைத்தான் சொல்வார்கள்: "இன்னும் கோபமாக", "இன்னும் வேகமாக". அதைக் காரணமாக மாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதற்கு எட்டாம் கேள்விக்கான பதில் உதவும்.

13. நான் ஏத்துக்கவே முடியாத கருத்தை என் பாத்திரம் பேசுது. மகள் விரும்புறவரோட சாதியைக் கேக்குற இடத்துல என் குரலே எழும்பல.

குரல் எழும்பாதது உங்கள் மனம் சரியாக இருப்பதற்கு அடையாளம். ஆனாலும் மேடையில் அந்த வசனம் முழுமையாக ஒலிக்க வேண்டும். நடிகர் தயங்கித் தயங்கிச் சொன்னாலோ, 'நான் இப்படிப்பட்டவன் இல்லை' என்று பார்வையாளருக்குக் குறிப்புக் காட்டினாலோ, அந்தக் கேள்வி ஒரு வீட்டுக்குள் எவ்வளவு இயல்பாக எழுகிறது என்ற உண்மை மறைந்துவிடும். நாடகம் அதைக் கண்டிக்க விரும்பினால், அது முதலில் நம்பத்தக்கதாகக் கேட்கப்பட்டாக வேண்டும். தீயவனாக நடிக்காதீர்கள்; முத்தையா தன்னைத் தீயவர் என்று நினைக்கவில்லை. மகளைக் காப்பாற்றுவதாகவே நினைக்கிறார். அந்த நினைப்பை முழுமையாக ஏற்றுப் பேசுங்கள். அதைத் தீர்ப்பிடும் பொறுப்பைக் கமலாவின் பதிலுக்கும் பார்வையாளருக்கும் விட்டுவிடுங்கள்.

இதில் கூட நடிப்பவர்களை மறக்கக் கூடாது. குழுவில் யாரேனும் இந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையில் எதிர்கொள்ள நேர்ந்திருக்கலாம். அத்தகைய காட்சியை முதன்முறை ஒத்திகை பார்க்கும் முன் குழுவாக அமர்ந்து பேசுவதும், முடிந்ததும் நடிகர்கள் ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் அழைத்துச் சில நிமிடங்கள் வேறு பேசிவிட்டுப் பிரிவதும் நல்ல பழக்கங்கள். கை ஓங்குவது, பிடித்துத் தள்ளுவது போன்றவற்றை உணர்ச்சி வேகத்துக்கு விடவே கூடாது. எண்ணிக்கை வைத்து, மெதுவாக, இருவரும் ஒப்புக்கொண்ட முறையில் அமைத்து, அதிலிருந்து சிறிதும் மாறாமல் செய்ய வேண்டும்.

14. மூணாவது வாரம் அருமையா வந்துச்சு. இப்ப எல்லாமே செத்துப்போன மாதிரி இருக்கு.

அன்று வந்த விளைவை இன்று திரும்பச் செய்ய முயல்கிறீர்கள். அன்று அந்த இடத்தில் நீண்ட மௌனம் விட்டீர்கள், எல்லாரும் பாராட்டினார்கள். அதனால் இன்று மௌனத்தை விடுகிறீர்கள். அன்று மௌனத்துக்குக் காரணம் இருந்தது: கமலாவின் கண் கலங்கியதைப் பார்த்து உங்களுக்குச் சொல் வரவில்லை. பத்தாம் பதிலுக்குத் திரும்புங்கள். விளைவை மறந்துவிட்டு, அவளிடமிருந்து வேண்டியதை மட்டும் மீண்டும் தேடுங்கள். அதுவும் பயன்தராவிட்டால் வேண்டியதையே மாற்றுங்கள்: பேசவிடாமல் தடுப்பதற்குப் பதிலாக, ஒருநாள் மட்டும், பேச வைக்க முயலுங்கள். சில வேளைகளில் களைப்பே காரணமாக இருக்கும். முதலில் தூங்குங்கள்.

15. ஒத்திகை அறையில நல்லா இருந்தது, அரங்குக்குப் போனதும் காணாமப் போயிடுச்சு.

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலை மையத்தின் பெரிய அரங்கில் சுமார் 2,000 பேர் அமரலாம். அதே வளாகத்தின் சிறிய ஸ்டூடியோவில் ஏறத்தாழ 200 பேர்தான். வகுப்பறையில் ஒத்திகை பார்த்த காட்சியை எந்த அளவு அரங்குக்குக் கொண்டு போகிறீர்கள் என்பதை முன்பே அறிந்து, கடைசி வாரங்களில் அறையின் இரு மூலைகளில் நின்று பேசிப் பழகுங்கள். பெரிய அரங்கில் உணர்ச்சியைப் பெரிதாக்கத் தேவையில்லை; தேவையைப் பெரிதாக்குங்கள். தொலைவில் இருப்பவரைத் தடுக்கவேண்டிய அவசரம் வந்தால் குரலும் உடலும் தாமாகவே விரியும்.

தொழில்நுட்ப ஒத்திகை விளக்குக்கும் ஒலிக்கும் உரியது. நிறுத்தி நிறுத்திப் போவார்கள். உங்கள் நடிப்பைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். மனம் தளராமல் இடத்தையும் நேரத்தையும் சரியாகப் பிடியுங்கள்.

16. முதல் நாள் யாரும் சிரிக்கல, ரெண்டாவது நாள் ஒரு சோகமான இடத்துல சிரிச்சுட்டாங்க. பாத்திரத்தை மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். "பசியாறிட்டியா?" என்று கேட்டதும் சிரிப்பு எழுந்தால், பலர் தங்கள் அப்பாவை அங்கே கண்டுகொண்டார்கள் என்று பொருள். சிரிப்பு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தைத் தொடங்குங்கள். முற்றிலும் அடங்கும் வரை காத்தால் காட்சி தொய்ந்துவிடும். மறுநாள் அதே சிரிப்பை எதிர்பார்த்து நிற்காதீர்கள், அதை வரவழைக்க எதையும் சேர்க்காதீர்கள்.

நிற்கும் இடம், விளக்கு மாறும் நொடி, கைகலப்பு, மேடைப் பொருள்களின் இடம் ஆகியவை நாடகம் நடக்கும் எல்லா நாள்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவற்றுக்குள்ளே, எதிரே இருப்பவர் இன்று எப்படி வந்தாரோ அதற்கேற்ப நீங்கள் மாறலாம். கமலா ஒருநாள் வழக்கத்தைவிடக் களைத்து உள்ளே வந்தால் உங்கள் கேள்வியும் அன்று வேறாகத்தான் ஒலிக்கும். நிலையான ஒன்றை மாற்ற வேண்டுமென்று தோன்றினால், அன்று காட்சி தொடங்கும் முன்பே மேடை நிர்வாகியிடமும் கூட நடிப்பவரிடமும் சொல்லி, அந்தப் பகுதியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு மேடையேறுங்கள்.